‘சரம்’ யார் பெயரில்?

தாரிணிக்கு அந்த வியாழக்கிழமை விடிந்ததே வயிற்றெரிச்சலில்தான்.

வென்ட்வேர்த்வில் ரயில் நிலையத்துக்கு எதிரே, மளிகைக் கடைக்கு மேல்மாடியில், ‘தாரிணி துப்பறியும் நிலையம்’ என்று அவள் பெயரில்தான் பலகை தொங்குகிறது. திருச்சியிலிருந்து வந்து, இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் பதினோரு வருடம் பொய் விபத்துகளை மோப்பம் பிடித்து, பிறகு சொந்தமாக ஆரம்பித்த நிலையம். ஆனால் பால் வாங்கக் கீழே இறங்கினால் கடைக்காரர் என்ன கேட்கிறார்?

"நீங்கள் ஆரூரன்ட ஒஃபீசில வேலை செய்யிற அக்காதானே?"

ஆரூரன் அவளுடைய உதவியாளன். முப்பத்திரண்டு வயது, யாழ்ப்பாணத்துக்காரன், வாய் ஓயாதவன். கடந்த மூன்று வழக்குகளிலும் கடைசி முடிச்சை அவிழ்த்தது அவன்தான். அதுவும் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டு இல்லை, ஏதோ பகிடி விட்டுச் சிரித்துக்கொண்டே. வாரக்கணக்கில் அலைந்தவள் அவள், கைதட்டல் அவனுக்கு.

அதனால்தான் ஹரிப்பிரியாவின் அடுக்குமாடிக் குடியிருப்பு வாசலில் கார் நின்றதும், "நீ இங்கேயே இரு. பார்க்கிங் கிடைக்கலைன்னா சுத்திக்கிட்டே இரு" என்றாள்.

"அக்கா, முன்னால நாலு பார்க்கிங் வெறுமையாக் கிடக்கு."

"அப்ப அதுல ஒண்ணுல நிறுத்திட்டு இரு."

இந்த வழக்கையாவது தனியாக முடிக்க வேண்டும். படியேறும்போது அவள் மனத்தில் இருந்தது அது ஒன்றுதான்.

ஹரிப்பிரியா கோயம்புத்தூர்க்காரி. கணவன் சஞ்சயின் வேலை விசாவில் சிட்னிக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. வேலை கேட்டுப் போன இடமெல்லாம், உள்ளூர் அனுபவம் இல்லையே என்று உதட்டைப் பிதுக்கினார்கள். சும்மா உட்காராமல் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி எழுத ஆரம்பித்தாள். தமிழ்ச் சொற்களை எழுத்து எழுத்தாகச் சரியாகப் பிரித்துக் கொடுக்கும் நிரல். ‘கொ’ என்பதை மூன்று துண்டாக உடைக்காமல் ஒரே எழுத்தென்று புரிந்துகொள்ளும். பெயர் ‘சரம்’. ஓப்பன் சோர்ஸ். யாரும் பார்க்கலாம், எடுக்கலாம், திருத்தலாம்.

"நான் ரெண்டு வருஷமா இழைச்சு இழைச்சு எழுதினேன் மேடம். பேக்கேஜா வெளியிடறதை மட்டும் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன். இன்னும் நல்லா வரட்டும், இன்னும் நல்லா வரட்டும்னு" என்றாள் ஹரிப்பிரியா. கண்கள் வீங்கியிருந்தன.

"பேக்கேஜ்னா?"

"பொதுப் பதிவகம் ஒண்ணு இருக்கு. அதுல பப்ளிஷ் பண்ணிட்டா, உலகத்துல எந்த மூலையில இருக்கறவங்களும் ஒரே ஒரு வரி தட்டினா போதும், சரம் அவங்க கம்ப்யூட்டர்ல வந்து உட்கார்ந்துடும். ஆனா ஒரு பேரு ஒருத்தருக்குத்தான். யாரு முதல்ல பப்ளிஷ் பண்றாங்களோ அவங்களுக்கு."

"யாரோ முந்திக்கிட்டாங்க."

"யாரோ இல்ல மேடம். அனுஷன்."

மெல்பேர்ன் வெரிபீயில் இருக்கும் அனுஷனை ஹரிப்பிரியா நேரில் பார்த்ததே இல்லை. இலங்கைத் தமிழன், முதியோர் இல்லமொன்றில் தாதி வேலை. ஓய்வு நேரத்தில் சரத்தில் தவறு கண்டுபிடித்துச் சொல்லத் தொடங்கியவன், பிறகு அவனே திருத்தவும் தொடங்கினான். ஒன்றரை வருடமாகத் தினமும் இருவருக்கும் செய்தி பறக்கும். வரும் சனிக்கிழமை மெல்பேர்னில் நிரலர்கள் கூட்டம். அங்கே மேடையில் வைத்து ஹரிப்பிரியா சரத்தை வெளியிடுவதாக ஏற்பாடு. சிறுவர் பாட மென்பொருள் செய்யும் கம்பெனி ஒன்று அவளுக்கு வேலை தரவும் தயாராக இருந்தது. செவ்வாய் மாலை அவள் மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போய் வருவதற்குள் ‘சரம்’ பதிவகத்தில் ஏறிவிட்டது, ஆசிரியர் அனுஷன் என்ற பெயரில். இப்போது அந்தக் கம்பெனி கேட்கிறது, இது உண்மையில் யாருடையது?

"போலீசுக்குப் போனீங்களா?"

"யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்னு நானே எழுதி வச்ச பொருளைத் திருடிட்டாங்கன்னு எப்படி மேடம் புகார் கொடுக்கறது? சரம் பக்கத்துலயே எல்லாரும் பார்க்கிற மாதிரி, அனுஷன் திருடன்னு எழுதினேன். அவன் நம்பரையும் பிளாக் பண்ணிட்டேன்."

சஞ்சய் தேநீர்க் கோப்பைகளோடு வந்தான். உயரமானவன், மென்மையான குரல், ரயில் சிக்னல் பொறியாளன். "எனக்கு அந்தாளைத் தெரியாது மேடம். இவங்க பேசிக்கறதை நான் பார்க்கறதும் இல்ல. ஆனா இவ ரெண்டு நாளா சாப்பிடல. வெரிபீ போய் அவனைப் பிடிங்க. டிக்கெட் நான் போட்டுத் தர்றேன்."

அந்தப் போலிப் பேக்கேஜின் அறிமுகப் பக்கத்தை ஹரிப்பிரியா அச்செடுத்துக் கொடுத்தாள். நான்கைந்து வரிதான். தாரிணி வாசித்தாள். அச்சு அசல் யாழ்ப்பாணத் தமிழ். ஆரூரனே எதிரில் உட்கார்ந்து பேசுவது போல இருந்தது.

தண்ணீர் குடிக்கச் சமையலறைப் பக்கம் போனபோது ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஹரிப்பிரியாவின் கையெழுத்தில் ஏழு படிகள். பதிவகத்தில் கணக்குத் திற, பெயர் வை, பதிப்பு எண் கொடு என்று போய், ஏழாவதாக ‘பப்ளிஷ்!!’ என்று இரண்டு ஆச்சரியக்குறியோடு முடிந்தது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் மேடம். எழுதத்தான் ரெண்டு வருஷம். வெளியிட ரெண்டு நிமிஷம்."

தாரிணி அச்சுப் பக்கத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். கீழே வந்ததும் ஆரூரன் கை நீட்டினான்.

"என்ன தந்தவை அக்கா? காட்டுங்கோ பாப்பம்."

"நான் படிச்சாச்சு, போதும். ஏர்போர்ட்டுக்கு விடு."

*

வெரிபீயில் புதிதாக எழும்பிய குடியிருப்பு அது. ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி கராஜ். வாடகைக் காரில் மூன்று தெருவைச் சுற்றியபின் ஆரூரன் சொன்னான். "அக்கா, இஞ்ச ஆரும் குடிச்சிட்டு வந்தால் பிழையான வீட்டிலதான் படுப்பினம்."

கதவைத் திறந்தவள் அனுஷனின் மனைவி ராகவி. விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் சுருங்கியது. "திரும்பவும் அந்தச் சரமோ?" என்றவள் உள்ளே திரும்பி, "இஞ்சருங்கோ, உங்கட மற்றக் குடும்பத்தில இருந்து ஆக்கள் வந்திருக்கினம்!" என்று குரல் கொடுத்தாள்.

அனுஷன் வேலைச் சீருடையோடு வந்தான். களைத்த முகம். தாரிணி சுற்றி வளைக்கவில்லை.

"நீங்கதானே பப்ளிஷ் பண்ணது?"

"இல்லை அக்கா. ஆனால் பொய் சொல்லக் கூடாது, எனக்கும் ஆசை இருந்தது. அதில என்ர மூளையும் கிடக்கு. எல்லாரும் ஹரிப்பிரியா, ஹரிப்பிரியா எண்டு புகழேக்க எனக்குப் பத்தினதுதான். ஆனால் செய்யேல்லை. செவ்வாய் பின்னேரம் நான் டியூட்டியில நிண்டனான். போனை லொக்கரில வைச்சிட்டுத்தான் உள்ள போகோணும். நீங்கள் அங்க கேட்டுப் பாக்கலாம்."

தாரிணி உடனே அந்த இல்லத்துக்கு அழைத்தாள். உண்மை. இரண்டு மணியிலிருந்து பத்து மணி வரை அவன் அங்கேதான் இருந்திருக்கிறான்.

"என்னைக் கள்ளன் எண்டு எழுதிப் போட்டா" என்றான் அனுஷன், தரையைப் பார்த்துக்கொண்டு. "ஒரு வார்த்தை கேக்கேல்லை. ஒன்றரை வருசம் கதைச்சதுக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"நல்லா வேணும்" என்றாள் ராகவி. "சமைச்சு வைச்சால் சாப்பிட வரமாட்டார். அங்கயிருந்து ஒரு மெசேஜ் வந்தால் ஓடுவார். அந்தச் சரம் இருக்குதே அக்கா, அது எனக்குச் சக்களத்தி."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆனால் கண் சிரிக்கவில்லை. தாரிணிக்குச் சட்டென்று பொறி தட்டியது. விடைபெறும்போது சாதாரணமாகக் கேட்டாள்.

"செவ்வாய் சாயந்திரம் நீங்க எங்க இருந்தீங்க ராகவி?"

"வீட்டிலதான். வேற எங்க போறது?"

"தனியாவா?"

"தனியத்தான். எப்பவும் போல."

*

அவலோன் விமான நிலையத்தில் சிட்னி விமானத்துக்கு ஒரு மணி நேரம் இருந்தது. தாரிணி இரண்டு காப்பி வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நடையில் ஒரு மிதப்பு.

"வழக்கு முடிஞ்சுது ஆரூரா. ராகவிதான்."

"ராகவி அக்காவோ?"

"பொறாமை. அனுஷன் பேர்ல போட்டா ஹரிப்பிரியா அவனை வெட்டி விட்டுடுவா, புருஷன் வீட்டோட கிடப்பான். ஆளு வீட்டுல தனியா இருந்திருக்கா. எழுதின தமிழும் அவ ஊர்த் தமிழ்." அவன் முகத்தில் வியப்பு வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. அந்த எரிச்சலில் கைப்பையைத் திறந்து தாளை எடுத்து நீட்டினாள். "இந்தா, நீயே படி."

ஆரூரன் சத்தமாக வாசித்தான்.

"‘நான் அனுஷன். இது முழுக்க நான் எழுதினனான். ஹரிப்பிரியா எழுதினனான் எண்டு சொல்லுறது பொய். ஓம், ஒரு சொல்லைக் குடுத்தால் எழுத்து எழுத்தாய்ப் பிரிச்சு ரப்பாவுக்குள்ள போட்டுத் தரும். ரெஸ்ட் செய்து பாருங்கோ...’"

நிறுத்தினான். தோள் குலுங்கியது. காப்பி சிந்தச் சிந்தச் சிரித்தான். பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

"என்னடா?"

"அக்கா, ‘நான் எழுதினனான்’ சரி. ‘ஹரிப்பிரியா எழுதினனான்’ எண்டு எங்கட ஆக்கள் செத்தாலும் சொல்லாயினம். ‘எழுதினனான்’ எண்டால் அதுக்குள்ளயே ‘நான்’ இருக்குது. அவ எழுதினால் ‘எழுதினவ’. பிறந்த பிள்ளைக்கும் தெரியும்."

தாரிணி காப்பியை வைத்தாள்.

"மற்றது இந்த ரப்பா. ரெஸ்ட், ரெலிபோன், ரொபி எண்டெல்லாம் நாங்கள் ‘ட’வுக்கு ‘ர’ போடுவம்தான். அதைப் பாத்த ஆரோ, ‘டப்பா’வையும் ‘ரப்பா’ ஆக்கி வைச்சிருக்கினம். அக்கா, எங்கட ஊரில டப்பாவே கிடையாது. அது பேணி! இதை எழுதினது ராகவி அக்காவும் இல்லை, அனுஷன் அண்ணையும் இல்லை. எங்கட தமிழைக் காதால கேட்டு வளராமல், கண்ணால மட்டும் பாத்த ஒராள். உங்கட இந்தியாப் பக்கத்து ஆள்."

விமான அறிவிப்பு ஒன்று ஓடி முடிந்தது. காலையிலேயே அந்தத் தாளை இவனிடம் கொடுத்திருந்தால் விமானமே ஏறியிருக்க வேண்டாம். அது அவளுக்குத் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்திருக்கும். வாய் ஓயாத அந்தப் பயல் அதை மட்டும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

"ஹரிப்பிரியாவே செய்திருப்பாவோ?" என்றான்.

"இல்ல. ஒன்றரை வருஷம் அனுஷனோட பேசினவ. அதுவும் எழுத்து எழுத்தா தமிழைப் பிரிச்சுப் பார்க்கறவ. இந்தத் தப்பு அவளுக்கு வராது." தாரிணி அந்தத் தாளையே வெறித்தாள். தன்னுடைய கைப்பைக்குள் காலை முழுக்கப் பூட்டிக் கிடந்த தாள். இவன் கையில் போய்விடக் கூடாதே என்று பூட்டியது. அவளுக்கு அந்தத் தாள் தேவைப்படவே இல்லை. இவனுக்குக் கிடைக்காமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

நிமிர்ந்தாள்.

"ஆரூரா, சரம் வேணும்னு நினைச்சவன் தன் பேரைப் போட்டிருப்பான். இவன் அனுஷன் பேரைப் போட்டான். இவனுக்குச் சரம் வேண்டாம். அவங்க ரெண்டு பேரும் பேசறது நிக்கணும், அவ்வளவுதான். அனுஷன் எப்படி எழுதுவான்னு இவனுக்குத் தெரிஞ்சிருக்கு. அந்த மெசேஜெல்லாம் ஹரிப்பிரியா லேப்டாப்ல இருக்கு. அவ கோயிலுக்குப் போன நேரத்துல லேப்டாப் வீட்டுல இருந்திருக்கு. எப்படி வெளியிடறதுன்னு ஏழு படி ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருக்கு."

ஆரூரன் மெல்லச் சீழ்க்கையடித்தான். "டிக்கெட் போட்டுத் தந்த அண்ணை!"

"அவரேதான்."

"அவருக்குச் சரம் வேண்டாம் எண்டதை எப்பிடி அக்கா பிடிச்சீங்கள்?"

தாரிணி அந்தத் தாளை நாலாக மடித்து, கைப்பைக்குள் வைக்காமல் அவனிடமே நீட்டினாள்.

*

வெள்ளிக்கிழமை காலை இருவரும் ஹரிப்பிரியாவின் வீட்டுக்குப் போனார்கள். இந்த முறை ஆரூரனும் மாடியேறினான். சஞ்சய் வழக்கம்போலத் தேநீர் போடப் போனான். ஆரூரன் உதவுகிற சாக்கில் அவன் பின்னாலேயே நின்றுகொண்டு, வெரிபீயில் பார்த்த வீடுகளையெல்லாம் பற்றிக் கதை அளந்துகொண்டிருந்தான். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு மேடைதான். எல்லாம் கேட்கும், எல்லாம் தெரியும்.

"அண்ணா, உங்கட ஊர்த் தமிழும் எங்கட ஊர்த் தமிழும் சேர்ந்து எனக்குத் தலை சுத்துது. நாங்கள் குசினி எண்டுவம், நீங்கள் கிச்சன் எண்டுவீங்கள். நாங்கள் கதிரை, நீங்கள் சேர்."

சஞ்சய் சிரித்தான். "ஆமா, ‘ட’வெல்லாம் உங்களுக்கு ‘ர’ ஆயிடும்."

"கெட்டிக்காரன்! அப்ப நீங்கள் தேயிலை வைச்சிருக்கிற அதுக்கு..." ஆரூரன் அவன் கையிலிருந்ததைக் காட்டினான். "அதுக்கு நாங்கள் என்ன சொல்லுவம், சொல்லுங்கோ பாப்பம்?"

"டீ டப்பாவா? அது..." சஞ்சய் விளையாட்டாகவே சொன்னான். "ரப்பா."

அடுப்பில் தண்ணீர் கொதித்தது.

தாரிணி ஹரிப்பிரியாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று நாளில் அந்தப் பக்கத்தை நாற்பது தடவை வாசித்தவள். கோபத்தில் வாசித்தவள். அப்போது கண்ணில் படாத சொல் இப்போது காதில் விழுந்தது. அவள் முகம் மெல்ல வெளிறியது.

"அப்படி ஒரு சொல்லே கிடையாது சஞ்சய்" என்றாள். "ஒரே ஒரு இடத்துலதான் அது இருக்கு."

சஞ்சய் டப்பாவை மேடைமேல் வைத்தான். மறுக்கத்தான் வாயைத் திறந்தான். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டான்.

"என் மெசேஜையெல்லாம் படிச்சியா?"

"ஆறு மாசமா."

"என்ன இருந்துச்சு அதுல? சொல்லு. இவங்க முன்னாடியே சொல்லு."

"ஒண்ணுமே இல்ல ஹரி. ஏதாவது இருந்திருந்தா சண்டை போட்டிருப்பேன். எழுத்து, புள்ளி, பிழை, அவ்வளவுதான் இருந்துச்சு. ஆனா அதைப் படிச்சுட்டு நீ சிரிப்பே பாரு. சோபாவுல உட்கார்ந்து, தனியா, விழுந்து விழுந்து. என்கிட்ட பேசறப்ப நீ அப்படிச் சிரிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. அவனை நீ வெறுக்கணும்னு நினைச்சேன். உன் வேலை போகும்னு நினைக்கல. சனிக்கிழமை முடிஞ்சதும் எப்படியாவது உன் பேருக்கு மாத்திடலாம்னு..."

"நான் ஒருத்தனைத் திருடன்னு எழுதினேன் சஞ்சய். ஊரே படிச்சுது. நீ பக்கத்துல உட்கார்ந்து டீ கொடுத்தே."

ஹரிப்பிரியா எழுந்து லேப்டாப்பைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். அவன் அந்தப் போலிக் கணக்கில் நுழைந்தான். உரிமையாளர் பட்டியலில் ஹரிப்பிரியாவின் பெயரைச் சேர்த்தான், பழையதை நீக்கினான். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, அனுஷனின் உண்மையான கணக்கை இரண்டாவது உரிமையாளராகச் சேர்த்தாள். சஞ்சய் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவள் அவன் பார்க்கட்டும் என்றுதான் செய்தாள்.

பிறகு தாரிணியிடம் திரும்பினாள். "எப்படி மேடம் கண்டுபிடிச்சீங்க?"

தாரிணிக்கு வாய் வரை வந்தது. ‘பதினோரு வருஷ அனுபவம்மா’ என்று ஒரே ஒரு வரி. ஆரூரன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் என்ன சொன்னாலும் அவன் மறுக்கப் போவதில்லை.

"நான் இல்ல" என்றாள். "எழுத்தைப் பிடிச்சது ஆரூரன். நான் அந்தத் தாளை அவன்கிட்ட உடனே காட்டியிருந்தா நேத்துக் காலையிலேயே முடிஞ்சிருக்கும்."

சொல்லி முடித்த பிறகும் வயிறு எரியத்தான் செய்தது. ஆரூரன் ஜன்னலிலிருந்து திரும்பி, "ஆளைப் பிடிச்சது அக்கா" என்றான். அவன் சொன்னதில் முதன்முறையாகப் பகிடி இல்லை.

ஹரிப்பிரியா தன் கைபேசியை எடுத்து, பிளாக் செய்திருந்த எண்ணை விடுவித்தாள். சஞ்சயிடம் நீட்டினாள்.

"நான் அவர்கிட்ட அப்புறம் மன்னிப்புக் கேக்கறேன், எல்லாரும் பார்க்கிற மாதிரி எழுதியும் போடறேன். முதல்ல நீ பேசு. ஸ்பீக்கர்ல போடு."

நான்கு தடவை மணி அடித்தது. எடுத்தது அனுஷன் இல்லை, அவன் மனைவி ராகவி.

"வணக்கம். நான்... ஹரிப்பிரியாவோட வீட்டுக்காரர் பேசறேன்" என்றான் சஞ்சய். "அந்தப் பேக்கேஜைப் போட்டது நான்தான். உங்க வீட்டுக்காரர் இல்ல. பொறாமையில பண்ணிட்டேன்."

"அண்ணா" என்றாள் ராகவி. "நான் பொய் சொல்ல மாட்டன். அந்த யோசனை எனக்கும் வந்தது. எப்பிடிச் செய்யிறதெண்டுதான் தெரியேல்லை."

ஹரிப்பிரியா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தாரிணியால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"நில்லுங்கோ, அவரிட்டக் குடுக்கிறன்" என்றது ராகவியின் குரல். காலடிச் சத்தம் கேட்டது, ஒரு கதவு திறந்தது. பிறகு களைத்த குரலில் அனுஷன், "ஹலோ, ஆர் கதைக்கிறது?" என்றான்.

சஞ்சய் கைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தன் பெயரைச் சொன்னான்.